1970 ஷெவெலுக்கு நீள்குழாய் ஹெடர்: பொருத்தி ஓட்டிய பின் ஒரு மதிப்புரை

செவ்ரோலெட்டின் சிறிய வி8 எஞ்சின் பூட்டிய 1968 முதல் 1972 வரையிலான ஷெவெல் கார்களுக்கென விற்கப்படும் நீள்குழாய் ஹெடர் (எஞ்சினின் புகையை வெளியேற்ற, தொழிற்சாலை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் பூட்டும் குழாய்க் கூட்டம்) தொகுப்பு ஒன்றை, என்னிடம் உள்ள 350 கன அங்குல எஞ்சின் கொண்ட 1970ஆம் ஆண்டு ஷெவெல் மாலிபுவில் பொருத்தி, கோடைக்காலம் முழுவதும் மிச்சிகன் சாலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தின் நான்கு குழாய்கள் கலெக்டர் என்ற ஒரே அகலக் குழாயில் சேரும் வகை இது; ஒவ்வொரு குழாயின் விட்டம் 1⅝ அங்குலம், கலெக்டர் 3 அங்குலம், குழாய் 18 கேஜ் சாதா எஃகு, எஞ்சினோடு பூட்டும் தகடான பிளேஞ்சின் கனம் 5/16 அங்குலம், உள்ளும் புறமும் செராமிக் பூச்சு. இதே அளவுகளில், ஏறத்தாழ இதே வளைவுகளில், பல நிறுவனங்கள் ஹெடர் செய்து விற்பதால், பெட்டியின் மேல் உள்ள பெயரைக் காட்டிலும் அளவுகளே வாங்குபவருக்கு உதவும் என்று கருதி, பெயரை விட்டுவிட்டு அளவுகளை வைத்தே பேசுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழாய்களின் வடிவமைப்பு அருமை, பிளேஞ்சின் தரம் சுமார், கூடவே வரும் கேஸ்கெட்டும் போல்ட்டும் பயன்படுத்தத் தக்கவை அல்ல. ஒரே அளவுள்ள ஹெடர்கள் தரும் திறன் எந்த நிறுவனத்தின் பொருளானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அது கசியாமல் உட்காருகிறதா, சுற்றியுள்ள பாகங்களைச் சுடாமல் விடுகிறதா என்பதில்தான் நல்ல பொருளுக்கும் மோசமான பொருளுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

இந்த எஞ்சினுக்கு ஹெடர் ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிய அதன் எரிவரிசையைப் பார்க்க வேண்டும். செவ்ரோலெட் சிறிய வி8 எஞ்சின் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் எரிகிறது. ஓட்டுநர் பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் அது இடப்பக்கம்) முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7 ஆகிய சிலிண்டர்களும் எதிர்ப்பக்கத்தில் 2, 4, 6, 8 ஆகியவையும் இருக்கின்றன. வரிசையைக் கவனித்தால், அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் 5ஆம் 7ஆம் சிலிண்டர்கள் அடுத்தடுத்தே எரிவது தெரியும். எதிர்ப்பக்கத்தில் 8ஆம் 4ஆம் சிலிண்டர்களும், பக்கத்தில் பக்கத்தில் இல்லை என்றாலும், அடுத்தடுத்து எரிகின்றன. இரண்டு எரிப்புகளுக்கு இடையே கிராங்க் ஷாஃப்ட் வெறும் 90 பாகைதான் சுழல்கிறது, ஆனால் ஒரு வெளியேற்று வால்வோ அரைச் சுற்றுக்கும் மேலாகத் திறந்தே இருக்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் தன் புகையை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சிலிண்டரின் அழுத்த அலை அதே வார்ப்பிரும்பு அறைக்குள் பாய்ந்து அதை எதிர்த்து நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிஃபோல்டு ஒரு குறுகலான பெட்டியைப் போல நான்கு சிலிண்டர்களின் புகையையும் உடனுக்குடன் ஒன்றாகச் சேர்த்துவிடுவதால் இந்த மோதலைத் தவிர்க்க அதற்கு வழியில்லை. நீள்குழாய் ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 அங்குலத்துக்கு மேற்பட்ட தனிப்பாதை கிடைக்கிறது. அந்தப் பாதையின் முடிவில் கலெக்டரை அடையும் அழுத்த அலை, அங்கே குழாய் திடீரென்று அகலமாவதால், தாழ்வழுத்த அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரில் எஞ்சிய புகையையும் உறிஞ்சி வெளியேற்றுகிறது. குழாயின் நீளமும் விட்டமும் எந்தச் சுழற்சி வேகத்தில் இந்த உறிஞ்சல் சரியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்த எஞ்சினை மாற்றங்கள் இன்றிச் சாலையில் ஓட்டுபவருக்கு 1⅝ அங்குலமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 1¾ அங்குலம் பெரிய கேம் ஷாஃப்டும் நல்ல சிலிண்டர் ஹெட்டும் போட்டவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்கள் அதை வாங்கினால் குறைந்த வேகத்து இழுவையைத்தான் இழப்பார்கள்.

என் வண்டியின் எஞ்சினுக்கு 1970இல் நிறுவனம் அறிவித்த திறன் 300 குதிரைத்திறன். அந்தக் காலத்து எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அவை எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, வண்டியின் சைலன்சர் முதலியவை எதுவும் இல்லாமல் அளந்தவை. 1972 மாடல் ஆண்டு முதல்தான் வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளந்த எண்கள் விளம்பரங்களில் வழக்கமாயின. மேடையில் இருந்த எஞ்சினுக்கும் வண்டிக்குள் இருக்கும் எஞ்சினுக்கும் இடையே தொலைந்துபோன திறனில் ஒரு பகுதியை மீட்பதே ஹெடர் செய்யும் வேலை என்று புரிந்துகொண்டால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது பிளேஞ்சைத்தான். சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டி உட்கார வேண்டிய இந்தத் தகட்டில் குழாய்களை வெல்டிங் செய்யும்போது ஏறும் வெப்பம் தகட்டை வளைத்துவிடும். நல்ல நிறுவனங்கள் வெல்டிங் முடிந்த பிறகு முகப்பை மீண்டும் சமமாகத் தேய்த்து அனுப்பும். ஒரு நேர்விளிம்புக் கோலைத் தகட்டின் நீளவாக்கில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வலப்பக்க ஹெடரில் கோலுக்கும் தகட்டுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. இடப்பக்க ஹெடரில் நடுவிலிருந்த இரட்டைத் துளைகள் கோலைத் தொட்டன, ஆனால் இரு ஓரங்களிலும் கோல் அந்தரத்தில் நின்றது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு அங்கே தடையில்லாமல் நுழைந்தது. போல்ட்டை இறுக்கினால் இவ்வளவு வளைவு படிந்துவிடும் என்று விற்பனையாளர் தொலைபேசியில் சொன்னார். அது ஓரளவு உண்மைதான் என்றாலும், இழுத்துப் படிய வைத்த தகடு ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் போல்ட்டைத் தளர்த்தப் பார்க்கும். எனவே அகலமான அரத்தை எடுத்து, முகப்பில் மைக்கோடுகள் போட்டு, கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே சீராக மறையும்வரை தேய்த்தேன். பூச்சு போட்ட பொருளை இப்படித் தேய்க்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது, ஏனெனில் தேய்த்த இடத்தில் பூச்சு போய்விடுகிறது. 3/8 அங்குலக் கனமுள்ள பிளேஞ்சு இவ்வளவு எளிதில் வளையாது. அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுப்பதே நல்லது.

துளைகளுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்ததில், ஒரு துளையின் உட்பக்கம் வெல்டிங் உருண்டை ஒன்று பட்டாணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. புகை மிக வேகமாகப் பாயும் இடம் அதுதான். அங்கே ஒரு தடை இருப்பது ஹெடர் போடும் நோக்கத்துக்கே முரணானது. சிறிய கிரைண்டரால் அதைச் சமன்செய்ய அதிக நேரம் ஆகவில்லை. மற்ற வெல்டிங் அனைத்தும் ஒழுங்காகவும் தொடர்ச்சியாகவும் இருந்தன, கலெக்டருக்குள் நான்கு குழாய்களும் சேரும் நடுமையத்தில் கசிவுக்கான இடைவெளி இல்லை.

செராமிக் பூச்சுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். விலை குறைந்த ஹெடர்கள் கறுப்புப் பெயின்ட்டோடு வருகின்றன. முதல் ஓட்டத்திலேயே அது புகைந்து உதிரத் தொடங்கி, பிறகு துருதான் மிஞ்சுகிறது. குரோமியம் பூசியவை சில நாட்களிலேயே நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறுகின்றன. செராமிக் பூச்சு வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே பெருமளவு நிறுத்தி, எஞ்சின் அறையின் சூட்டையும் குறைக்கிறது. ஹெடரைச் சுற்றி வெப்பத் துணி கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. சாதா எஃகுக் குழாய்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயை அரிக்கிறது, பல நிறுவனங்கள் துணி சுற்றினால் உத்தரவாதமே செல்லாது என்கின்றன. பூச்சைப் பற்றி இன்னொரு முக்கியமான செய்தி: புதிதாகக் கட்டிய எஞ்சினையோ புதிய கேம் ஷாஃப்டையோ முதன்முதலில் ஓடவிடும்போது இந்த ஹெடரைப் போட்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் எழும் மிகையான வெப்பம் பூச்சைக் கெடுத்துவிடும். பழைய மேனிஃபோல்டு ஒன்றை அதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.

பழைய மேனிஃபோல்டைக் கழற்றும் வேலைக்கு அவசரமே ஆகாது. ஒவ்வொரு பக்கமும் ஆறு போல்ட்டுகள், 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. ஐம்பது ஆண்டுகளாகச் சூடேறிக் குளிர்ந்த போல்ட், வார்ப்பிரும்போடு ஒன்றாகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள்களிலேயே விட்டு ஊறவைத்து, எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, ஒரேயடியாக முறுக்காமல் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இந்த போல்ட்டுகளுக்கு மிகவும் பொருந்தும். தலை ஒடிந்து போல்ட்டின் உடல் உள்ளே தங்கிவிட்டால், இடச்சுழற்சித் துரப்பணமுனையால் நடுவில் துளையிட்டு எடுப்பதே பாதுகாப்பானது. துளையிடும்போதே பல சமயம் அது தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். எல்லா மரைகளையும் மரை சுத்தம் செய்யும் கருவியால் ஒருமுறை ஓட்டிய பிறகே புதிய போல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் துரு தரும் தடையையே இறுக்கம் என்று நம்பி ஏமாற நேரிடும்.

வலப்பக்க ஹெடர் மேலிருந்து இறங்கவில்லை, கீழிருந்து ஏறியது. வண்டியை நான்கு உறுதியான ஸ்டாண்டுகளில் நன்றாக உயர்த்தி வைத்தால் இது சிரமமான வேலை அல்ல. இடப்பக்கம்தான் உண்மையான சோதனை. அங்கே ஸ்டீயரிங் தண்டு, பின்கோடியில் ஆயில் ஃபில்டர், ஸ்டீயரிங் தூணிலிருந்து கியர்பெட்டிக்கு இறங்கும் கம்பி ஆகிய அனைத்தும் ஒரே சிறிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆயில் ஃபில்டரையும் முன்கூட்டியே கழற்றி, எஞ்சின் மவுன்ட்டுகளின் குறுக்கு போல்ட்டை எடுத்துவிட்டு, மேலிருந்து சங்கிலியால் எஞ்சினைச் சற்றே தூக்கிய பிறகுதான் ஹெடர் தன் இடத்துக்கு வந்தது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, ஏனெனில் எண்ணெய் உறிஞ்சும் வலை தொட்டியின் அடித்தகட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, தகடு கொஞ்சம் நசுங்கினாலும் எஞ்சினுக்கு எண்ணெய் கிடைப்பது குறையும். எஞ்சினைத் தூக்கும்போது பின்புறத்தில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி காரின் முன்தடுப்புத் தகட்டில் முட்டாமலும், முன்புற விசிறி அதன் உறையில் மோதாமலும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு செய்த பின், குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி கிடைத்தது. ஹெடரைச் சுத்தியலால் தட்டிப் பள்ளமாக்கி இடம் பிடிக்க வேண்டிய நிலை வரவே இல்லை என்பதை இந்தத் தயாரிப்பின் பெரும் சிறப்பாகச் சொல்வேன். ஆயில் ஃபில்டரையும் ஹெடரை அசைக்காமல் கழற்றி மாட்ட முடிகிறது.

போல்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியோடு வந்தவை சாதாரண 9/16 அங்குலத் தலை கொண்டவை. 7ஆம் சிலிண்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதையொட்டி வளைந்து இறங்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடத்தில் அந்த அளவு ஸ்பேனர் ஒருமுறைக்கு ஒரு முகம்கூட முழுதாகத் திரும்பாது. ஸ்பேனரை மாட்டி, சிறிது நகர்த்தி, எடுத்துத் தலைகீழாகப் புரட்டி மறுபடி மாட்ட வேண்டும், விரல் முட்டிகளோ ஒவ்வொரு முறையும் குழாயில் உரசும். ஹெடருக்கென்றே தனியாக விற்கப்படும் 3/8 அங்குலச் சிறுதலை போல்ட்டுகளுக்கு மாறியதும் வேலை முற்றிலும் எளிதாயிற்று. கழன்றுவிடாமல் பூட்டும் தகடு கொண்ட போல்ட்டுகளும் கிடைக்கின்றன; வண்டியை அடிக்கடி ஓட்டுபவர்கள் அவற்றை வாங்கலாம். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மரை ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக, சுமார் 20 முதல் 25 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும். கூடவே வந்த காகித கேஸ்கெட்டைப் பயன்படுத்தாதீர்கள். பழைய சிலிண்டர் ஹெட்டின் முகப்பு புதிதைப் போல மழமழப்பாக இருக்காது. அந்த மேடுபள்ளங்களை நிரப்பி உட்காரக்கூடிய தடித்த கிராஃபைட் கேஸ்கெட்டே இங்கே தகுந்தது. இந்த எஞ்சினில் நடு இரு வெளியேற்றுத் துளைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பதால் வெப்பம் அங்கேதான் குவிகிறது, கேஸ்கெட் எரிந்துபோவதும் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

பொருத்தும் குறிப்புத்தாளில் ஒரு வார்த்தைகூட இல்லாத செய்திகளுக்கு இப்போது வருகிறேன். 1969 முதல் ஷெவெலில் ஆல்டர்னேட்டர் வலப்பக்கத்துக்கு மாறியது, அதைத் தாங்கும் பின்பக்கக் கம்பி வலப்பக்க மேனிஃபோல்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. மேனிஃபோல்டு போனால் அந்தப் பிடியும் போகிறது. சிலிண்டர் ஹெட்டிலேயே பூட்டும் மாற்றுத் தாங்கியை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். இடப்பக்கத்தில் எண்ணெய் அளவுக்கோலின் குழாயையும் புதிதாக ஒரு போல்ட்டோடு சேர்த்துப் பிடித்துவைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குச் செல்லும் இரு உலோகக் குழாய்கள் வலப்பக்கமாகவே போகின்றன. அவற்றை வளைத்துச் சற்று விலக்கிக் கட்டினேன். பெட்ரோல் பம்ப்பும் அதே பக்கத்தின் முன்னால் இருப்பதால், அங்கிருந்து கார்புரேட்டருக்கு ஏறும் குழாய்க்கு வெப்ப உறை மாட்டுவது கட்டாயம். ஸ்பார்க் பிளக் வயர்களில் நேரான முனை உடையவை குழாயைத் தொட்டு உருகிவிடும். வளைந்த முனையுள்ள வயர்களும் அவற்றுக்கான வெப்ப உறைகளும் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்தால் ஹெடரின் விலையில் ஏறத்தாழ பாதி அளவுக்குக் கூடுதல் செலவு ஆகிறது. வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டே பணத்தை எடுத்து வைக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு உரிய இடத்தையும் தனியாகவே தர வேண்டும். செவ்ரோலெட் எஞ்சினில் அது வலப்பக்கத்தின் அடியில், ஹெடர் குழாய்களுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது; அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டும் அதன் முதுகிலேயே அமர்ந்திருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நிறுத்திவிட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் சாவியைத் திருப்பினால், வெப்பத்தால் மின்தடை கூடிப்போன சொலினாய்டு ‘டக்’ என்ற ஒற்றை ஒலியோடு நின்றுவிடுவது இந்த வண்டிகளின் பழைய நோய். ஹெடர் போட்டால் அந்த நோய் முற்றும். ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் புறநகர்கள் வழியே செல்லும் உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் திரண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும் நிகழ்ச்சி 1995 முதல் நடந்துவருகிறது. அந்த வெயிலில், காற்றோட்டமே இல்லாமல் நின்று நின்று செல்லும்போது, ஹெடரும் ஸ்டார்ட்டரும் படும் பாட்டைப் போல வேறெங்கும் சோதிக்க முடியாது. உருவில் சிறிய, பற்சக்கரக் குறைப்போடு கூடிய புதுவகை ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டி, நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகட்டையும் வைத்திருந்ததால் என் வண்டி அங்கே ஒருமுறைகூடத் தயங்கவில்லை. ஸ்டார்ட்டரில் கை வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதை மறக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளில் சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்.

குளிர்ப்பிரதேசத்தில் வாழ்பவர்கள் சோக் பற்றி யோசிக்க வேண்டும். தொழிற்சாலை அமைப்பில் வலப்பக்க மேனிஃபோல்டின் வாயில் ஒரு வெப்ப வால்வு இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, புகையை இன்டேக் மேனிஃபோல்டின் அடிவழியே மறுபக்கத்துக்குச் செலுத்தும். அந்தச் சூட்டில்தான் குவாட்ராஜெட் கார்புரேட்டரின் சோக் சுருள் இளகிச் சோக்கைத் திறக்கும். ஹெடரில் அந்த வால்வுக்கு இடமில்லை. விளைவாக, சோக் திறக்கத் தாமதமாகி, குளிர்காலைகளில் எஞ்சின் அளவுக்கு மீறிய பெட்ரோலோடு கரும்புகை விட்டுத் திணறுகிறது. மின்சாரச் சோக்குக்கு மாறுவதே இதற்குச் சரியான தீர்வு; அதன் பிறகு இளவேனிற்காலத்து மிச்சிகன் குளிரிலும் வண்டி ஒழுங்காகவே சூடேறியது.

கலெக்டருக்கும் பின்குழாய்க்கும் இடையே உள்ள மூன்று போல்ட் தட்டை இணைப்புதான் இந்தத் தொகுப்பின் பலவீனமான இடம். தடித்த காகித கேஸ்கெட்டை இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்கும் இந்தப் பழைய முறை, எஞ்சின் ஆடும் ஒவ்வொரு அசைவிலும் சிறிது சிறிதாகத் தளர்ந்து கசிகிறது. உருண்டை முனையும் அதற்கேற்ற கிண்ணமுமாக ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இணைப்போ வளையப் பிடி இணைப்போ இருந்திருந்தால் கேஸ்கெட்டே தேவைப்பட்டிருக்காது. எங்கள் ஊர்ச் சைலன்சர் கடை ஒன்றில் அந்த இணைப்பை வெட்டி எடுத்துவிட்டு வளையப் பிடியை வெல்டிங் செய்யச் சொன்னேன். முதல் முறை கோணலாக வைத்துவிட்டதால் பின்குழாய் சாசியில் இடித்தது, திரும்பப் போய்ச் சரிசெய்து வாங்க வேண்டியதாயிற்று. பின்னால் 2½ அங்குல இரட்டைக் குழாய்களும், அவற்றை இணைக்கும் ‘எச்’ வடிவக் குறுக்குக் குழாயும் உள்ளன. இரு பக்கங்களிலும் எரிப்பு சீரற்ற இடைவெளியில் நிகழும் எஞ்சின் இது என்பதால் அந்தக் குறுக்குக் குழாய் ஓசையையும் இழுவையையும் சமன்செய்கிறது. பழைய ஒற்றைக் குழாயையே வைத்துக்கொண்டு ஹெடர் மட்டும் போடுவது பணத்தை வீணாக்கும் செயல்.

முதல் முறை எஞ்சினை ஓடவிட்டபோது பூச்சிலிருந்தும் கையெண்ணெயிலிருந்தும் நிறையப் புகை எழுந்தது; இது இயல்பு. கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, கையால் தொடும் அளவுக்கு முழுதும் ஆறவிட்டு, மீண்டும் ஓடவிட வேண்டும். அப்போதுதான் பூச்சு ஒழுங்காக இறுகும். ஒவ்வொரு முறை ஆறிய பிறகும் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், ஏனெனில் கேஸ்கெட் படிந்து போல்ட் சற்றே தளர்ந்திருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் உதவியது ஒரு சாதாரண ஊதுபத்தி. குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும், பெட்ரோல் ஆவி எதுவும் அருகில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பிளேஞ்சின் ஓரமாக ஊதுபத்தியை மெதுவாக நகர்த்தினால், கசிவுள்ள இடத்தில் அதன் புகைக்கோடு விட்டுவிட்டுச் சிதறும். 5ஆம் சிலிண்டரின் கீழ்விளிம்பில் அப்படித்தான் கண்டேன். அங்கிருந்த போல்ட்டை இன்னும் சிறிது இறுக்கியதும் கோடு நேராக நின்றது, குளிரில் கேட்டுக்கொண்டிருந்த ‘டிக் டிக்’ ஓசையும் அடங்கியது.

ஓட்டும்போது என்ன மாற்றம்? திறன் அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றி அளக்காததால் குதிரைத்திறன் எண் எதையும் தர மாட்டேன். மூவாயிரம் சுழற்சிகளுக்கு மேல், முன்பு எஞ்சின் மூச்சு வாங்கிய இடத்தில், இப்போது தடையில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது இந்த வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. சிக்னலில் இருந்து கிளம்பும் இழுவை குறையவில்லை. புகை எளிதாக வெளியேறுவதால் காற்று கூடுதலாக உள்ளே வருகிறது, அதற்கேற்பக் கலவை பெட்ரோல் குறைந்ததாக மாறிவிடுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் வெள்ளைப் பீங்கான் பகுதி வெளிறியிருந்தது, ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டை ஒரு படி பெரியதாகப் போட்டேன். ஓசையும் மாறியிருக்கிறது. வார்ப்பிரும்பின் கனம் அடக்கி வைத்திருந்த உலோக ஒலிகளை மெல்லிய எஃகுக் குழாய் வெளியே விடுகிறது. அதே சைலன்சர்தான் என்றாலும் கூர்மை கூடியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் அதிகாலையில் வண்டியை எடுக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும்.

தரை இடைவெளி குறைந்திருப்பதை மறைக்க முடியாது. கலெக்டர்கள் கியர்பெட்டியின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்குகின்றன. உயரமான வேகத்தடையிலும், வீட்டு முகப்பின் செங்குத்தான சரிவிலும் வண்டியைச் சாய்வாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. முன்புற ஸ்பிரிங்குகளைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தியவர்கள் இந்த ஹெடரை வாங்கக் கூடாது.

அப்படியானால் யார் வாங்கலாம்? வண்டியை விரைவாக ஓட்டி மகிழ விரும்புபவர், இரட்டைக் குழாய் ஏற்கெனவே போட்டிருப்பவர், சுற்றியுள்ள பாகங்களையும் மாற்ற மனமும் நேரமும் உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். வண்டி தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று எண்ணுபவருக்கும், மெதுவாக ஊர்வலம் போவது மட்டுமே வேலை என்பவருக்கும் இது தேவையில்லை. அவர்களுக்கு ராம்ஹார்ன் எனப்படும், நடுவில் வாய் இறங்கும் பழைய கார்வெட் வகை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு போதும்: அது சாதா மேனிஃபோல்டைவிட நன்றாகப் புகையை விடுகிறது, கசியாது, பிளக் வயர்களையும் சுடாது. குட்டைக் குழாய் ஹெடர் எனக்கு உடன்பாடானது அல்ல. நீள்குழாயின் தொல்லைகளில் பாதியைக் கொடுத்துவிட்டு அதன் பலனில் சிறு பங்கையே தருகிறது. பெயின்ட் அடித்தவை சில நூறு டாலர்களுக்குக் கிடைக்கின்றன, செராமிக் பூசியவை ஏறத்தாழ அதன் இருமடங்கு, ஸ்டெயின்லெஸ் அதற்கும் மேல். உப்புத் தூவும் சாலைகளுள்ள வட மாநிலங்களில் இருப்பவர் பெயின்ட் அடித்ததைத் தவிர்ப்பதே நல்லது. குளிர்காலத்தில் வண்டியை உறை போட்டு நிறுத்திவைத்தாலும் கராஜின் ஈரக்காற்றே அதற்குப் போதும்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் பிளேஞ்சின் கனம் என்ன, வெல்டிங்குக்குப் பிறகு முகப்பைத் தேய்த்திருக்கிறார்களா, பூச்சு உட்புறமும் உண்டா, கலெக்டர் இணைப்பு எந்த வகை, உங்கள் கியர்பெட்டிக்கும் ஸ்டீயரிங்குக்கும் பொருத்திப் பார்த்த வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுநர் பக்க ஹெடரைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே நேர்கோல் வைத்துப் பாருங்கள்; வளைவு இருந்தால் பொருத்துவதற்கு முன்பே திருப்பி அனுப்புங்கள், ஒருமுறை எஞ்சினில் ஏறிப் புகை கண்ட ஹெடரைத் திருப்பி வாங்கும் கடை அரிது. நான் பொருத்திய தொகுப்புக்கு ஐந்தில் மூன்றரை தருகிறேன். அதே குழாய்களை 3/8 அங்குல பிளேஞ்சோடும் வளையப் பிடி இணைப்போடும் அந்த நிறுவனம் கொண்டுவந்தால் ஐந்தில் நாலரை தரவும், மற்றொரு முறை பணம் கொடுத்து வாங்கவும் எனக்குத் தயக்கம் இருக்காது.